உழைப்பாளியைப் பார்த்துக் கூட இருப்பவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? இனங்கண்டு கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

"உனக்கென்னப்பா, வேலையே கதின்னு கிடக்கிறே."

இந்த ஒரு வாக்கியத்துக்குக் குறைந்தது நான்கு அர்த்தம் உண்டு. சொன்னவர் மனசாரப் பாராட்டியிருக்கலாம். குத்திக்காட்டியிருக்கலாம். 'எங்களுக்கும் சேர்த்து அளவை ஏற்றிவிடாதே' என்று எச்சரித்திருக்கலாம். அடுத்த நிமிஷம் தன் வேலையை உங்கள் தலையில் கட்ட அச்சாரம் போட்டிருக்கலாம். கேட்பவரோ பெரும்பாலும் ஒரே தீர்ப்பை எழுதிவிடுகிறார்: பொறாமை.

கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. பொறாமை என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்று தேற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். உண்மையில் அவை வெவ்வேறு நோய்கள். ஒன்றின் மருந்து இன்னொன்றை முற்றவைக்கும். பாரம் ஏற்றுகிறவரிடம் பணிந்துபோனால் பாரம் கூடும். அளவு ஏறிவிடுமோ என்று பயப்படுகிறவரிடம் கறாராகப் பேசினால் பகை கூடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உழைப்பைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்கவே செய்கிறது. விளைவு ஒன்றேதான் என்றாலும், அதிகம் மெனக்கெட்டவரையே மக்கள் நல்ல மனிதராக மதிப்பிடுகிறார்கள் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதே ஆள் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்காரும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் பக்கத்து நாற்காலி பற்றியது.

படி 1: இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் சொன்ன வார்த்தை, அப்படியே. இரண்டாவதில், அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் உங்கள் வேலையில் என்ன நடந்தது (முன்கூட்டியே முடித்தீர்களா, மீட்டிங்கில் பெயர் வந்ததா, எண்ணிக்கைப் பட்டியல் வெளியானதா). மூன்றாவதில், அப்போது யார் யார் இருந்தார்கள். நான்காவதில், அதன்பின் என்ன ஆனது: பேச்சு அப்படியே கலைந்ததா, ஒரு வேலை உங்கள் பக்கம் வந்ததா, ஒரு தகவல் உங்களுக்கு வராமல் நின்றதா.

எட்டுப் பத்துப் பதிவாவது சேர வேண்டும். இரண்டு பதிவை வைத்து முடிவுகட்டினால் அது அன்றைய மனநிலையின் படமாகத்தான் இருக்கும். பலர் வழுக்குவது முதல் பத்தியில். "கிண்டலடித்தார்" என்று எழுதிவிடுவார்கள். அது வார்த்தை அல்ல, உங்கள் விளக்கம். "'சார் வந்துட்டாரு, இனி நாம கிளம்பலாம்' என்றார்" என்று எழுதினால்தான் பிறகு எடை போட முடியும். இந்த நோட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. யாரிடமும் காட்டவும் கூடாது.

படி 2: அந்த ஆளுக்கு இதில் என்ன போகிறது?

மனிதர்கள் தங்களைக் கண்டவரோடும் ஒப்பிட்டுக்கொள்வதில்லை. தங்களைப் போன்றவரோடுதான் ஒப்பிடுகிறார்கள் என்று சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். அதனால் பதிவில் உள்ள ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி போடுங்கள். உங்களுக்கும் அவருக்கும் ஒரே தட்டா? நீங்கள் செய்கிற அதே திறமையில்தான் அவருக்கும் பெருமையா? உங்கள் வேலையின் அளவு ஏறினால் அவரை அளக்கும் அளவுகோலும் ஏறுமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அது வெறும் வாய்ப்பேச்சு. விட்டுவிடுங்கள். பதிவுகளில் கணிசமானவை இந்தச் சல்லடையிலேயே கழிந்துவிடும்.

படி 3: எந்த வகை?

பாராட்டைத் தள்ளிவிட்டால் மிஞ்சுபவை ஐந்து. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் தேவையில்லை. முதலாவதும் கடைசியும்தான் ஆளை அலைக்கழிப்பவை.

*அளவைக் காப்பாற்றுகிறவர்கள்*

1931 நவம்பர் முதல் 1932 மே வரை, சிகாகோவை ஒட்டியிருந்த ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 14 தொழிலாளர்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். தொலைபேசி இணைப்பகக் கருவிகளில் கம்பி இணைப்பவர்கள் 9 பேர், பற்றவைப்பவர்கள் 3 பேர், சோதிப்பவர்கள் 2 பேர். குழு எவ்வளவு முடிக்கிறதோ அதற்கேற்பக் கூலி. அதிகம் செய்தால் எல்லோருக்கும் லாபம் என்பதே நிர்வாகத்தின் கணக்கு.

நடந்தது வேறு. ஒரு நாளைக்கு ஆளுக்கு இரண்டு கருவி என்று அவர்களே ஒரு அளவு வைத்திருந்தார்கள். தாண்டினால் 'ரேட் பஸ்டர்', அதாவது ரேட்டை உடைக்கிறவன் என்று பட்டம். விளையாட்டுப் போல மேல்கையில் ஒரு குத்தும் விழும். ரொம்பக் குறைத்துச் செய்கிறவனுக்கும் வசவு உண்டு. மேலதிகாரியிடம் போட்டுக்கொடுக்கிறவனுக்கும் உண்டு. குறைத்தவனையும் சேர்த்துத் திட்டினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். அது சோம்பேறித்தனம் என்றால் அவனை ஏன் திட்ட வேண்டும்? அளவு ஏறினால் நாளைக்கு ரேட்டைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம் அது. வேலைகள் பறிபோன அந்தப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அந்தப் பயத்தைக் கிறுக்குத்தனம் என்று தள்ள முடியாது.

இந்த வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரே வாக்கியம் பல வாயில் வரும். 'நான்' வராது, 'நாம', 'எல்லாரும்' என்றுதான் வரும். எண்ணிக்கை வெளியான மறுநாள் வரும். சிரிப்பு இருக்கும், ஆனால் விடாமல் திரும்பத் திரும்ப வரும்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். முதலில் அந்த எழுதாத அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். "சாதாரணமா ஒரு நாளைக்கு எத்தனை முடியும்?" என்று புதிதாக வந்தவர் கேட்பதுபோல் ஒரு பழைய ஆளிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அடுத்து, முன்பு யாராவது தாண்டியபோது என்ன ஆனது என்று கேளுங்கள். அதன்பின் டார்கெட் ஏற்றப்பட்டது என்றால் அவர்கள் பயம் நியாயமானது. பொறாமை என்ற சொல்லை அத்தோடு கைவிடுங்கள்.

பிறகு உங்கள் கூடுதல் உழைப்பை எண்ணிக்கையிலிருந்து வேறு நாணயத்துக்கு மாற்றுங்கள். 20 முடிக்கும் இடத்தில் 30 முடிப்பதைவிட, 22 முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் எல்லோருக்கும் பத்து நிமிஷம் மிச்சமாகும் ஒரு படிவத்தையோ சரிபார்ப்புப் பட்டியலையோ உருவாக்கினால், அதே உழைப்பு ஆபத்திலிருந்து உதவியாக மாறுகிறது. கடைசியாக, மேனேஜரிடம் எழுத்தில் ஒரு வரி: "இந்த மாத எண்ணிக்கையில் என்னுடையது இந்த ஒரு வேலைக்காகக் கூடியது, வழக்கமான அளவாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்." இந்த வரி எப்படியும் மற்றவர்கள் காதுக்குப் போகும். போகட்டும்.

செய்யக் கூடாதது, எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது. ஹாத்தார்ன் அறையில் அதையும் செய்தார்கள். ஒரு நாள் முடித்ததை இன்னொரு நாள் கணக்கில் எழுதி, கோடு நேராக வருவதுபோல் பார்த்துக்கொண்டார்கள். குழு முழுக்கச் சேர்ந்து செய்தால் ஓடும். தனியாள் செய்து மாட்டினால், இரண்டு பக்கமும் நம்பிக்கை போய்விடும்.

*ஒப்பீட்டில் அடிபடுகிறவர்*

இவர் தனியாள், பெரும்பாலும் நெருக்கமானவர். உளவியலாளர்கள் ஆபிரகாம் டெஸ்ஸரும் ஜோனதன் ஸ்மித்தும் 1980இல் ஒரு சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு வைத்தார்கள். குறிப்புக் கொடுத்து உதவ வேண்டும். விளையாட்டு சும்மா ஒரு விளையாட்டு என்றபோது நண்பனுக்கு எளிய குறிப்பு கிடைத்தது. உங்கள் முக்கியமான திறமையை இது அளக்கிறது என்று சொன்னபோது, முன்பின் தெரியாதவரைவிட நண்பனுக்குக் கடினமான குறிப்புகளைக் கொடுத்தார்கள். நண்பன் கெட்டவன் ஆகவில்லை. நெருக்கமும் ஒரே துறையும் சேர்ந்தால் ஒப்பீடு கூர்மையாகிறது, அவ்வளவுதான்.

தமிழில் 'அவனைப் பார்த்தா ஆசையா இருக்கு' என்பதும் 'வயிறு எரியுது' என்பதும் ஒன்றல்ல. நீல்ஸ் வான் டி வென்னும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் பிரித்துக் காட்டியதும் இதைத்தான்: ஒன்று நம்மை மேலே இழுக்கிறது, மற்றது எதிரில் இருப்பவரைக் கீழே இழுக்கப் பார்க்கிறது. அவருக்குக் கிடைத்தது தகுதியானதே என்று தோன்றினால் முதல் வகைக்குச் சாய்கிறது. ஆகவே வந்த வழியை மறைக்காதீர்கள். "ஏதோ அமைஞ்சிடுச்சு" என்று அடக்கம் காட்டுவது இங்கே எதிர்விளைவு தரும். அதிர்ஷ்டக்காரன் என்ற எண்ணம் எரிச்சலைத்தான் வளர்க்கும். "முதல் இரண்டு வரைவும் திரும்பி வந்தன, மூன்றாவதில் இந்த மாற்றம் செய்தேன்" என்று வழியைச் சொல்லுங்கள். அவர் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு துறையில் நிஜமாகவே உதவி கேளுங்கள். நடிப்புக்காகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்.

*கேட்காமலே குற்றவாளி ஆகிறவர்*

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கடைசி வரை உட்கார்ந்து சரிபார்ப்பது, சரிபார்க்காமல் அனுப்பிய ஒருவருக்குத் தீர்ப்பு வாசிப்பதுபோல் கேட்கிறது. 2008இல் பெனுவா மோனின் குழுவினர் செய்த சோதனைகளில், ஒரு தவறான காரியத்துக்கு மறுத்தவரை வெளியாட்கள் மதித்தார்கள். அதே காரியத்தை ஏற்கெனவே செய்து முடித்தவர்களுக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை. தங்களிடம் உள்ள ஒரு நல்ல பண்பைப் பற்றி முதலில் எழுதச் சொன்னபோது அந்த வெறுப்பு தணிந்தது. கிரெய்க் பார்க்ஸும் அசாகோ ஸ்டோனும் 2010இல் கண்டது இன்னும் விசித்திரம்: குழுவுக்கு நிறையக் கொடுத்துக் குறைவாக எடுத்துக்கொண்டவரையும் குழுவிலிருந்து நீக்க ஆசைப்பட்டார்கள், கிட்டத்தட்ட சுயநலக்காரரை நீக்க ஆசைப்பட்ட அளவுக்கு. அவரோடு ஒப்பிட்டால் தாங்கள் மோசமாகத் தெரிகிறோம் என்பது ஒரு காரணம். வழக்கத்தை மீறுகிறார் என்பது இன்னொன்று.

அடையாளம்: நீங்கள் கேட்காமலே விளக்கம் வரும். "நானும் செய்யலாம், வீட்டுல நிலைமை அப்படி" என்று தொடங்குவார். அந்த இடத்தில் ஆலோசனை சொல்லாதீர்கள். அவர் நன்றாகச் செய்யும் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "நீங்க நல்லா பண்றீங்க" என்பது உதவாது. "அந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தினீங்களே, எனக்கு அது வராது" என்பது உதவும். உங்கள் முறையை விதியாக அறிவிக்காமல் உங்கள் தேவையாகச் சொல்லுங்கள்: "எனக்கு இரண்டு தடவை பார்க்காட்டி நிம்மதி இல்ல."

*'முக்கி முக்கிச் செய்யறான்'*

உழைப்பையே திறமைக் குறைவுக்கு அத்தாட்சியாக்கும் பேச்சு. சியா ஜங் சாய், மஹ்சரின் பனாஜி இருவரும் 2011இல் 103 தொழில்முறை இசைக் கலைஞர்களிடம் ஒரே கலைஞர் வாசித்த இரண்டு துணுக்குகளைப் போட்டுக்காட்டினார்கள். ஒன்றை இயல்பிலேயே திறமையுள்ளவர் வாசித்தது என்றும், மற்றதைப் பயிற்சியால் வந்தவர் வாசித்தது என்றும் சொல்லி. பயிற்சிதான் முக்கியம் என்று வாயால் சொன்ன அதே ஆட்கள், இயல்புத் திறமைக்காரர் என்றதற்கே கூடுதல் மதிப்பெண் போட்டார்கள்.

இதற்கு வாதம் வேண்டாம். பதவி உயர்வு, நேர்காணல் போன்ற இடங்களில் எத்தனை மணி நேரம் ஆனது என்று சொல்லாமல், எடுத்த முடிவையும் அதன் பலனையும் சொல்லுங்கள். மணிக்கணக்கைச் சொல்ல வேண்டிய இடம் அடுத்தது.

*பாரம் ஏற்றுகிறவர்கள்*

இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. எல்லோரும் சிரித்த முகம்தான். அதனால்தான் தாமதமாகத் தெரிகிறது.

சுயகட்டுப்பாடு உள்ளவரிடம் மற்றவர்கள் அதிகம் எதிர்பார்க்கிறார்கள். அவருக்கு அது அவ்வளவாகச் சிரமமில்லை என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். சுமப்பவருக்கோ சுமை தெரிகிறது. 2015இல் கிறிஸ்டி கோவல் முதலானோரின் ஆய்வு காட்டியது இது. வேலையை விரும்பிச் செய்கிறவரைக் கூடுதல் நேரம், கூலியில்லாத வேலை, அவர் வேலையே அல்லாத வேலை ஆகியவற்றுக்குப் பிடிப்பது மக்களுக்குக் கூடுதல் நியாயமாகவே படுகிறது என்று 2020இல் இன்னொரு ஆய்வு காட்டியது. அவருக்குத்தான் பிடிக்குமே என்பது வாதம்.

கூட்டத்தின் சுபாவமும் இதற்குத் துணை போகிறது. 1979இல் பிப் லத்தானேயும் குழுவினரும் ஆட்களைக் கத்தவும் கைதட்டவும் சொல்லிச் சத்தத்தை அளந்தார்கள். ஆறு பேர் சேர்ந்தபோது, தனித்தனியாக அவர்களால் முடிந்ததன் கூட்டுத்தொகையில் 40 சதவீதம்தான் வந்தது. குரல்கள் ஒன்றோடொன்று பொருந்தாததும் அதில் ஒரு பங்கு; மிச்சம், யார் எவ்வளவு கத்தினார் என்று தெரியாததால் வந்த தளர்ச்சி. திறமையான கூட்டாளி ஒருவர் தன் உழைப்பில் சவாரி செய்கிறார் என்று தெரிந்தால் உழைப்பவரும் கையை விடுகிறார் என்று நார்பர்ட் கெர் 1983இல் காட்டினார். ஏமாளி ஆவதைவிடத் தோற்பதே மேல் என்று மனம் கணக்குப் போடுகிறது. நீங்கள் திடீரென்று வெறுத்துப்போய்க் கையை விடுவதற்கு முன்னாலேயே கீழே சொல்வதைச் செய்ய வேண்டும்.

அடையாளம் வரிசையில் இருக்கிறது: பாராட்டு, உடனே 'ஒரு சின்ன' என்ற சொல், பிறகு கோரிக்கை. உங்கள் நான்காவது பத்தியில் இது அப்பட்டமாகத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு வரும் கோரிக்கையெல்லாம் எழுதுங்கள்: தேதி, யாரிடமிருந்து, யார் வேலை, எத்தனை நிமிஷம். பிறகு பதில் சொல்லும் முறையை மாற்றுங்கள். அவசரமில்லாத கோரிக்கைக்கு அரை நாள் கழித்தே பதில். உடனடிப் பதில் 'கை சும்மா இருக்கிறது' என்று பொருள்படும். பதிலில் மூன்று துண்டு இருக்க வேண்டும்: கையில் இருப்பது, எப்போது முடியும், எதை நகர்த்துவது. "இப்ப மாத அறிக்கை ஓடிட்டிருக்கு. வியாழன் மத்தியானம்தான் முடியும். அதுக்கு முன்னாடி வேணும்னா அறிக்கையைத் தள்ளிவைக்கலாமான்னு மேனேஜர்ட்ட நீங்களே கேட்டுச் சொல்லுங்க." கடைசி வாக்கியம்தான் வேலை செய்கிறது. செலவு உங்களிடமிருந்து கேட்பவரிடம் நகர்கிறது.

செய்து கொடுக்கும்போது நேரத்தையும் எழுதுங்கள்: "இணைத்திருக்கிறேன். 3 மணி 40 நிமிஷம் ஆனது." குறையாகச் சொல்லாதீர்கள், ரசீதுபோல் சொல்லுங்கள். சுலபமாக முடிகிறது என்ற கற்பனை அங்கேதான் உடைகிறது.

எங்கே கெட்டுப்போகும்? "பார்க்கலாம்" என்று சொல்வதில். கேட்டவர் காதில் அது 'சரி' என்றுதான் விழும். அதிகம் விளக்குவதிலும்; நான்கு காரணம் சொன்னால் அவற்றில் பலவீனமானதைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். ஒரு மாதம் உறுதியாக இருந்துவிட்டு ஒரே ஒருமுறை ராத்திரியில் ரகசியமாகச் செய்துகொடுப்பதிலும். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் நடக்கும் என்ற பாடத்தை அந்த ஒருமுறை கற்றுக்கொடுத்துவிடும்.

இதில் உங்கள் பங்கும் உண்டு. பொறாமைக்கு ஆளாகிவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் கூடுதலாக உதவி செய்கிறார்கள் என்று சோதனைகளிலேயே பார்த்திருக்கிறார்கள். நிறையப் பேர் பாரத்தைச் சுமப்பது இரக்கத்தால் அல்ல, கண்ணேறு கழிக்க.

படி 4: உங்களையும் ஒரு சோதனை

இதைத் தவிர்த்தால் மேலே சொன்னதெல்லாம் வீண். உழைப்புக்கு வந்த எதிர்வினை என்று நினைப்பது, உழைப்போடு ஒட்டிவந்த ஒரு பழக்கத்துக்கு வந்ததாக இருக்கலாம். ராத்திரி 11 மணிக்கு எல்லோரையும் சேர்த்து மெயில் அனுப்புகிறீர்களா? பிறர் வேலையைச் சொல்லாமல் எடுத்துத் திருத்துகிறீர்களா? பகிர்ந்து கொடுத்தால் தரம் போய்விடும் என்று எல்லாவற்றையும் அடைத்துவைத்திருக்கிறீர்களா? "ஐயோ, மூணு நாளா தூக்கமே இல்ல" என்று புலம்பல் வேஷத்தில் பெருமை பேசுகிறீர்களா? கடைசியானது நேரடித் தம்பட்டத்தைவிடக் கூடுதல் எரிச்சல் தருகிறது என்று 2018இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பெருமையாக இருந்தால் பெருமையாகவே சொல்லிவிடுவது மேல்.

மெயிலைக் காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் வைத்துவிடுங்கள். இந்த ஒன்றை மாற்றினாலே சச்சரவு கொஞ்சம் அடங்கலாம்.

படி 5: பேசுவது

இத்தனைக்குப் பிறகும் ஒரே ஆளிடமிருந்து ஒரே குத்தல் தொடர்ந்தால் தனியாகப் பேசுங்கள். பத்து நிமிஷம் போதும். கூட்டத்தில் வேண்டாம், சாட்டில் வேண்டவே வேண்டாம். எழுத்தில் தொனி போய்விடும். ஒரு சம்பவம் மட்டும் எடுங்கள், பட்டியல் வாசிக்காதீர்கள். "திங்கட்கிழமை மீட்டிங்ல 'இவர் இருக்கிறப்ப நமக்கென்ன வேலை'ன்னு சொன்னீங்க. நான் செய்யறதுல உங்களுக்கு இடைஞ்சலா ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் ஐந்தாறு நொடி நீளும்; நீளட்டும். 'பொறாமை' என்ற சொல் எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது. வந்த நிமிஷம் பேச்சு உங்கள் கர்வத்தைப் பற்றியதாக மாறிவிடும்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று பதில் வந்தால், "சரி, மீட்டிங்ல மட்டும் வேண்டாம்" என்று முடித்துக்கொள்ளுங்கள். நிறையப் பேருக்கு அதுவே போதும்.

குழுவை நடத்துகிறவருக்கு

மேலே சொன்னதில் பாதியை உருவாக்குவது மேனேஜர்தான். "அவரைப் பாருங்க, கத்துக்கோங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். பாராட்டுவதானால் செய்ததைப் பாராட்டுங்கள், ஆளோடு ஆளை ஒப்பிடாதீர்கள். அதிகம் முடித்தவரின் எண்ணை அடுத்த மாத டார்கெட்டாக வைக்காதீர்கள். யார் என்ன செய்தார் என்பது தனித்தனியாகத் தெரியும்படி வேலையைப் பிரியுங்கள்; 1981இல் அதே சத்தச் சோதனையைத் திரும்பச் செய்து, தனித்தனியாக அளக்கப்படுகிறோம் என்று தெரிந்தபோது தளர்ச்சி காணாமல் போவதைக் கண்டார்கள். நன்றாகச் செய்தவருக்குப் பரிசாக இன்னும் வேலையைக் கொடுப்பதை நிறுத்துங்கள்.

ஆறு வாரம் கழித்து

அதே நான்கு பத்தியை மறுபடி இரண்டு வாரம் எழுதிப் பழையதோடு வைத்துப் பாருங்கள். வார்த்தைகள் குறைந்தனவா என்பதைவிட நான்காவது பத்தியைத்தான் பார்க்க வேண்டும். பேச்சு அப்படியே இருந்து, பின்விளைவு குறைந்திருந்தால் வழி சரி. பேச்சு கடைசியாகத்தான் அடங்கும். பேச்சு அடங்கி, தகவல் உங்களுக்கு வராமல் நிற்பது, மெயில் பட்டியலில் உங்கள் பெயர் விடுபடுவது, நீங்கள் செய்தது வேறு பெயரில் போவது என்று ஆரம்பித்திருந்தால், இந்த வழிகாட்டியின் எல்லை அங்கே முடிகிறது. அது எதிர்வினை அல்ல, கெடுதல். தேதியோடு, மெயில் நகலோடு மேலே எழுத்தில் கொண்டுபோங்கள். மேலே இருப்பவரே அதில் ஒரு ஆள் என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள். தேடுவதை யாரிடமும் சொல்லாதீர்கள்.